கோட்டை வைத்திருந்த சத்தம்

சேந்தன்துறைக் கோட்டையைக் கட்டியவன் டச்சுக்காரனா போர்ச்சுக்கீசியனா என்று ஊருக்குள் இரண்டு கட்சி உண்டு. வாசலில் மாட்டியிருக்கும் நீலப் பலகையைப் படித்தால் சண்டை தீர்ந்துவிடும், ஆனால் இரண்டு கட்சியிலும் ஒருவர்கூட இன்றுவரை அதைப் படித்ததில்லை, படித்துவிட்டால் அப்புறம் சாயங்காலங்களில் எதைப் பேசுவது. கோட்டையின் கடல் பக்கத்து மூலையில், முன்னொரு காலத்தில் வெடிமருந்து அடுக்கி வைத்திருந்த வட்டமான அறை, பிள்ளைகள் எப்போதோ கத்திவிட்டுப் போன சத்தங்களைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது ஒரு கரிநாளன்று என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

பொங்கல் முடிந்த கரிநாளன்று சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடும். அப்படி வந்த கூட்டத்தில் ஒரு சிறுமி, எல்லாப் பிள்ளைகளும் செய்வதைப்போல அந்த அறைக்கு நடுவில் நின்று "ஓ" என்று கத்தினாள். "ஓ" திரும்பி வரவேண்டிய இடத்தில், "ஏல சூசை, என் பம்பரத்தக் குடுல" என்று ஒரு பையனின் குரல் வந்தது. அறை வாசலில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்த சூசை, தலை முழுக்க நரைத்த மனிதர், "நான் எடுக்கலல" என்று பதிலும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்தப் பம்பரக்காரன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் காலம் எவ்வளவோ ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்து, அப்படியே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். பெட்டியிலிருந்த ஐஸ் எல்லாம் உருகி மணலில் ஓடியது, சுற்றி நின்ற பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வருத்தப்பட்டார்கள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ரொம்ப நாள் பிடிக்கவில்லை. கடலோரத்து ஜனங்களுக்கு, நேற்றுவரை இல்லாத மணல்திட்டு இன்று காலையில் எழுந்து நிற்பதும், இருந்த தெரு ஒரு மழைக்காலத்தில் காணாமல் போவதும் புதிதா என்ன. பெரியவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் அறை வாயைத் திறக்காது என்று கண்டுகொண்டார்கள். பிள்ளைகள் கத்தினால், அந்தச் சத்தத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு பழையதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும், எதை எடுக்கும் என்பது அதன் இஷ்டம். ஒரு சத்தத்தை ஒரே ஒரு தடவைதான் கொடுக்கும், கொடுத்தது கொடுத்ததுதான். பட்டணத்திலிருந்து கருவிகளோடு வந்த ஆட்கள் இரண்டு நாள் தங்கி எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு போனார்கள், ஊருக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் அதில் அலைச் சத்தமும் அவர்கள் சாப்பிட்ட மீன்குழம்பைப் பற்றிய பேச்சும் மட்டும்தான் இருந்ததாம். ஊராட்சித் தலைவர் ஒரு குடியரசு தினத்தன்று மாலையும் கழுத்துமாக நிற்கும்போது, அவரே பத்து வயதில் ஒரு வாத்தியாரைத் திட்டிய கெட்ட வார்த்தை கணீரென்று வெளியே வந்தது, அந்த வாத்தியாரின் மகன் அதற்குப் பிறகு அவருக்கு ஓட்டுப் போடவில்லை. வேலிச் சண்டையில் முகம் பார்க்காமலிருந்த அண்ணன் தம்பி, "அண்ணே, இருட்டா இருக்கு, கையப் புடிச்சிக்கோ" என்ற குரலைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள், ஆனால் மறுவாரம் வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. சில நாள் யாருக்கும் புரியாத பாஷையில், கப்பலில் வந்து இங்கேயே மண்ணாகிப்போன வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சத்தம் வரும், கேட்பவர்களுக்கு ஒரு சொல்கூட விளங்காது, ஆனாலும் அது அழுகையா சிரிப்பா என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அதற்குப் பிறகுதான் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். அறை வாசலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் கிடந்த கல்லில் உட்கார்ந்துகொள்வார்கள். பிள்ளைகள் கத்தினால்தானே சத்தம் வரும், இவர்களிடம்தான் பிள்ளைகள் இல்லையே, அதனால் டூர் வருகிற பிள்ளைகளுக்காகக் காத்திருப்பார்கள். முறுக்கு, கடலைமிட்டாய், அவித்த பனங்கிழங்கு என்று கையில் எதையாவது வைத்துக்கொண்டு, "எய்யா, உள்ள போய் ஒரு சத்தம் போட்டுட்டு வாயேன்" என்று கெஞ்சுவார்கள். யாருடைய சத்தம் என்று அடையாளம் தெரியாத ஒன்று வந்தால், அதை அப்படியே விட்டுவிடக் கூடாதென்று ஒரு வழக்கமும் தானாக ஏற்பட்டுவிட்டது. பக்கத்தில் இருக்கிற யாராவது ஒருவர், "கேட்டுச்சு ராசா", பெண்பிள்ளை என்றால் "கேட்டுச்சு ராசாத்தி" என்று அறையைப் பார்த்துச் சொல்லவேண்டும். அவ்வளவு காலம் காத்திருந்து வெளியே வந்த பிள்ளை, கேட்க ஆளில்லாமல் போய்விட்டது என்று இருக்கக் கூடாது அல்லவா.

அப்படிச் சொல்வதில் முதல் ஆள் லூர்து, மீன் விற்கிறவள். அவளுடைய மகன் குரல் வந்துவிட்டது. வந்த குரல் "பசிக்கி" என்று மட்டும் சொன்னது, வேறொன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து லூர்து தினமும் ஒரு தூக்குவாளி நிறையச் சுண்டல் அவித்துக் கொண்டுவந்து, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், வேண்டாம் என்று சொல்லுகிற பிள்ளையை அவளுக்குப் பிடிக்காது.

குணவதி டீச்சர் அந்தக் கல்லுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அவளுக்குக் கடலைப் பார்த்திராத கரிசல் ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். மகள் செண்பகவல்லியும் அதே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒன்று இரண்டு மூன்று என்று ஏறி ஒரு நாள் அம்மாவின் வகுப்புக்கே வந்து உட்கார்ந்தாள். அம்மா வகுப்பில் மகள் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா, முதல் மார்க் வாங்கினால் அம்மா போட்டது என்பார்கள், அடி வாங்காவிட்டால் மகள் என்பதால் என்பார்கள். அதனால் குணவதி ஒரு சட்டம் போட்டாள். பள்ளிக்கூடக் கேட்டைத் தாண்டினால் "டீச்சர்" என்றுதான் கூப்பிட வேண்டும். வாத்தியார் வீடுகளில் இது நடப்பதுதான், ஆனால் மற்ற வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் மறந்துபோய் "அம்மா" என்றுவிடும், வகுப்பே சிரிக்கும், அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். செண்பகவல்லி மறக்கவே இல்லை. மற்றப் பிள்ளைகள்தான் வாய் தவறி "அம்மா, தண்ணி குடிக்கப் போகட்டுமா" என்று கேட்கும். "அம்மா வீட்டுல. இங்க டீச்சர்" என்று குணவதி ஒவ்வொரு தடவையும் திருத்துவாள். முன்பெஞ்சில் அவளுடைய சொந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அந்த வருஷம்தான் சேந்தன்துறைக்கு டூர் வந்தார்கள். அறை அப்போது வாயைத் திறக்கவில்லை, சாதாரண அறையாக, போட்ட சத்தத்தையே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்க் கத்திக்கொண்டிருந்தபோது, குணவதி வெளியே வாந்தியெடுத்த ஒரு பிள்ளையின் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக வெளியே வந்து வரிசையில் நின்ற பிறகும் செண்பகவல்லியை மட்டும் காணவில்லை. "செண்பகவல்லி! உனக்குத் தனியாச் சொல்லணுமா? வெளிய வா" என்று அதட்டினாள். பிள்ளை வந்தது. முகம் மலர்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்ததைப்போல வந்தது. "வரிசைல நில்லு" என்றாள் குணவதி. நின்றது. மழைக்காலத்தில் வந்த மூளைக்காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. கடல் ஒன்றும் செய்யவில்லை, கடல் தொட்டது அந்தப் பிள்ளையின் பாதத்தை மட்டும்தான்.

அறையைப் பற்றிய செய்தி வேன் டிரைவர்கள் வாய்வழியாகக் கரிசலுக்கு வந்து சேர்ந்தபோது, குணவதி அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு விடுமுறை என்றால் அவளைச் சேந்தன்துறையில்தான் பார்க்கலாம். வருஷா வருஷம் நாலாம் வகுப்பு டூரும் சேந்தன்துறைக்குத்தான், "உலகத்துல வேற எடமே இல்லியா டீச்சர்" என்று தலைமையாசிரியர் அலுத்துக்கொள்வார், ஆனால் காரணம் தெரிந்தவர் என்பதால் கையெழுத்தும் போட்டுவிடுவார். பிள்ளை அங்கே ஏதோ கத்தியிருக்கிறது, அது அந்த அறைக்குள் இருக்கிறது, ஒரு நாள் வெளியே வரும், ஒரே ஒரு தடவைதான் வரும், வருகிறபோது தான் அங்கே இல்லாவிட்டால் அது காற்றோடு போய்விடும். குணவதியின் உயிர் இந்த ஒரு கணக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் தாமோதரன் ஒரு தடவைகூட வரவில்லை.

"வரக் கூடாதுன்னு வேண்டிக்கோ" என்றான் ஒரு நாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"என்ன பேச்சு இது?"

"வந்துட்டா முடிஞ்சு போச்சு குணவதி. வராம இருக்கிற வரைக்கும் அவ அங்க இருக்கால்ல. அதையும் போயி வாங்கிட்டு வந்துட்டீன்னா, நமக்கு எங்க இருப்பா?"

அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆனாலும் மறுநாள் காலையில் பஸ் ஏறினாள்.

தான் இல்லாத நாட்களில் காது கொடுத்துக் கேட்டுக்கொள்ளச் சொல்லி லூர்திடம் ஒப்படைத்திருந்தாள். லூர்து ஒப்புக்கொண்டாள், ஆனால் விவரம் வேண்டுமே.

"சரி டீச்சர், எத்தன பொம்பளப் பிள்ள சத்தம் வருது. ஒம் பிள்ளதான்னு நான் எப்படிக் கண்டேன்? அது எப்படிக் கத்தும், சொல்லு."

"மெதுவாத்தான் பேசுவாக்கா. கொஞ்சம் கனத்த குரல். 'ழ' நல்லா வரும்."

"பேசுறதக் கேக்கல. கத்துனா எப்படி இருக்கும்? ஒவ்வொரு பிள்ளையும் கத்தும்போது வேற மாதிரில்லா இருக்கும். எம் மவன் பேசுனா புறா, கத்துனா காக்கா."

குணவதி யோசித்தாள். பூவரசம் பூ ஒன்று மடியில் விழுந்தது, அதை எடுத்துப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள். வீட்டில் அந்தப் பிள்ளை சத்தம் போட்டால் 'மெதுவா' என்பாள், வாசலில் விளையாடும்போது சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாள், பள்ளிக்கூடத்தில் கேட்கவே வேண்டாம். அவள் பெற்ற பிள்ளை வாய்விட்டுக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

"தெரியலக்கா" என்றாள்.

லூர்து தூக்குவாளியைத் திறந்து ஒரு கை சுண்டலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

போன தை மாதம் அறையின் மேல் வளைவில் விரிசல் ஓடியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போன அதிகாரிகள், வாசலைக் கல் வைத்து அடைத்துவிட வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். ஊர் ஒருநாள் முழுக்க மறியல் செய்தது, இரண்டு கட்சியும் சேர்ந்து உட்கார்ந்த மறியல் அது ஒன்றுதான். ஆனால் ஒரு பிடி காரை பெயர்ந்து ஒரு பிள்ளையின் பக்கத்தில் விழுந்த அன்று, மறியல் செய்தவர்களே போய்ச் செங்கல் இறக்கினார்கள். உள்ளே இருப்பது பிள்ளைகளின் சத்தம்தானே, அதற்காக ஒரு பிள்ளையைப் பலி கொடுக்க முடியுமா. மாசி பிறந்ததும் அடைப்பது என்று முடிவாயிற்று. தாமோதரனுக்கு அன்றிரவு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

குணவதி தன் நாலாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு கடைசித் தடவையாக வந்து இறங்கியபோது, வாசலுக்குப் பக்கத்தில் செங்கல் அடுக்கியிருந்தது, கொத்தனார் மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். கல்லில் நிறையப் பேர் இருந்தார்கள், இடம் போதாமல் மணலிலும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அவள் பிள்ளைகளையே பார்த்தார்கள். அறைக்குள் இனி யாரையும் விடுவதில்லை, வாசற்படியில் நின்று தலையை மட்டும் நீட்டிக் கத்தலாம் என்று காவல்காரர் ஒரு கயிற்றைக் கட்டியிருந்தார்.

பிள்ளைகளுக்கு அன்று ராஜ மரியாதை. ஒவ்வொன்றாகப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தின. அய்யனார் என்ற பையன் சினிமா வசனம் ஒன்றைச் சொன்னான், உள்ளேயிருந்து வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று எதையோ சொல்லி விக்கி விக்கிச் சிரித்தது. "கேட்டுச்சு ராசா" என்றாள் லூர்து. இன்னொரு பிள்ளை "கோழிக் குழம்பு" என்று கத்த, "எம்மா, எனக்குக் கடலு பயமில்லையே" என்று ஒரு குரல் வந்தது, மணலில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார், எல்லோரும் அவருக்கு வழி விட்டார்கள். அப்புறம் யாருடையதும் அல்லாத சத்தங்கள் வந்தன, சும்மா "ஊ" என்றும், "எலேய்" என்றும், பாட்டின் பாதியும். "கேட்டுச்சு ராசாத்தி, கேட்டுச்சு ராசா" என்று சொல்லிச் சொல்லி லூர்தின் தொண்டை கட்டிவிட்டது.

குணவதி ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "அம்மா." பிள்ளை வேறென்ன கத்தியிருக்கும், ஆளில்லாத அறையில், யாரும் கேட்காத இடத்தில். அந்தச் சொல் எத்தனையோ தடவை வந்தது, ஒவ்வொன்றும் வேறு வேறு பிள்ளையுடையது, ஒவ்வொரு தடவையும் அவள் கயிறுவரை போய்த் திரும்பினாள்.

கடைசியாகக் காளீஸ்வரி மட்டும் மிஞ்சினாள், வகுப்பிலேயே சிறியவள், வாய் தவறி டீச்சரை அம்மா என்று கூப்பிடுவதில் முதல் ஆள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு என்ன கத்துவது என்று தெரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "ஏதாச்சும் சொல்லு கண்ணு" என்றாள் குணவதி. கொத்தனார் பீடியை மணலில் குத்தி அணைத்தார். காளீஸ்வரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "உள்ள யாரு?" என்று கத்தினாள்.

கொத்தனார் எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டார். பிறகு, "டீச்ச…ர்!" என்று ஒரு சத்தம் புறப்பட்டு வந்தது. பெண்பிள்ளைக் குரல், கணீரென்று, உடம்பிலிருக்கிற காற்றையெல்லாம் கூட்டிக் கத்திய குரல். மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. பிள்ளைகள் சிரித்தன, "டீச்சர், ஒங்களத்தான் கூப்புடுது" என்றான் அய்யனார். குணவதிகூட லேசாகச் சிரித்துவிட்டாள், எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ, எந்த டீச்சரையோ. அடையாளம் தெரியாத சத்தம் என்று நினைத்து லூர்து வாயெடுத்தாள். "கேட்டுச்சு ராசா—"

சத்தம் முடியவில்லை. இந்தத் தடவை கத்தவில்லை. கொஞ்சம் கனத்த குரல், மெதுவாக, பக்கத்தில் நின்று கேட்பதைப்போல வந்தது.

"டீச்சர், இங்க யாருமில்ல. இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"

லூர்து பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டுக் குணவதியைத் திரும்பிப் பார்த்தாள்.

குணவதி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காவல்காரர் "டீச்சர், டீச்சர்" என்று கத்தினார், அவள் காதில் ஏறவில்லை. அறைக்கு நடுவில், பிள்ளை நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று, "கூப்பிடு" என்றாள். "கூப்பிடு கண்ணு, கூப்பிடு செண்பா. எங்க வேணாலும் கூப்பிடு." பெரியவர்களின் சத்தத்தை அந்த அறை வாங்கிக்கொள்வதில்லை, அது அவளுக்கும் தெரியும். பிள்ளை அனுமதி கேட்டது, பதில் வருமென்று நின்றது, அதனால்தான் வெளியே வரத் தாமதமானது. அதற்குக் கிடைத்த பதில், வெளியே வா, வரிசையில் நில்லு என்பதுதான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அங்கே கத்துவதற்கு ஒன்றும் இல்லை. "கூப்பிடு" என்று குணவதி சொன்னதையெல்லாம் சுவர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது, மேலே விரிசலிலிருந்து மணல் அவள் தலையில் பொலபொலவென்று கொட்டியது.

லூர்துதான் உள்ளே போய் அவள் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழக்கப்படி "கேட்டுச்சு" என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள். மரத்தடியில் உட்கார வைத்து, முந்தானையால் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். கொத்தனார் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, யாராவது போதும் என்று சொல்கிறார்களா என்று பார்த்தார், யாரும் சொல்லாததால் முதல் கல்லை எடுத்து வைத்தார்.

வேன் கரிசலுக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து தூங்கிவிட்டன. குணவதி முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போனதும் தாமோதரன் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது, வந்துவிட்டது என்பதா, இனி அங்கே இல்லை என்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த காளீஸ்வரி பாதித் தூக்கத்தில் எழுந்து, கண்ணைத் திறக்காமலே, "அம்மா, தண்ணி" என்றாள்.

பின்சீட்டில் விழித்திருந்த இரண்டொரு பிள்ளைகள் களுக்கென்று சிரித்தன. சிரித்துவிட்டு, டீச்சர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லட்டும் என்று காத்திருந்தன.

குணவதி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினாள். காளீஸ்வரியின் தலையைத் தாங்கிப் பாட்டிலை வாயருகே கொண்டுபோனாள்.

"இந்தா கண்ணு, அம்மாதான்" என்றாள்.